பாலைவனச் செடிகள் எப்படிப் பிழைக்கின்றன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"பாலைவனத் தாவரங்களில் இலைகள் முட்களாக மாறியுள்ளன" என்று எழுதி இரண்டு மதிப்பெண் வாங்கியதோடு பலருக்கு இந்தப் பாடம் முடிந்துவிடுகிறது. முள்ளும் சதைப்பற்றும் உண்மைதான். ஆனால் இந்தச் செடிகளின் சூட்சுமம் எவ்வளவு தண்ணீரைச் சேர்த்து வைக்கின்றன என்பதைவிட, எதை எப்போது செய்கின்றன என்பதில்தான் இருக்கிறது. எப்போது இலைத்துளையைத் திறப்பது, எப்போது துளிர்ப்பது, எந்த ஆண்டில் முளைப்பது என்ற நேரக் கணக்கு அது.

பாலைவனம் என்றால் மழையே பெய்யாத இடமா?

அப்படியில்லை. ஆண்டுக்குச் சுமார் 250 மில்லிமீட்டருக்குக் குறைவாக மழை பெறும் நிலத்தைப் பொதுவாகப் பாலைவனம் என்பார்கள். ஒப்பிட்டுப் பார்க்க: சென்னைக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 1,400 மி.மீ. கிடைக்கிறது. தார் பாலைவனத்து ஜெய்சல்மேருக்கு 200 மி.மீ. அளவில்தான். சிலி நாட்டின் அட்டகாமா பாலைவனத்தில் உள்ள அரிக்கா நகரத்துக்கு ஆண்டுச் சராசரி ஒரு மி.மீ.யைக்கூடத் தொடுவதில்லை. அமெரிக்காவின் அரிசோனாவிலும் மெக்சிகோவிலும் பரந்திருக்கும் சோனோரா பாலைவனமோ இவற்றில் கொடுத்துவைத்தது. குளிர்காலத்தில் கொஞ்சம், ஜூலை முதல் செப்டம்பர் வரை கொஞ்சம் என ஆண்டுக்கு இருமுறை மழை பார்க்கிறது. மரம் அளவுக்கு வளரும் கேக்டஸ்கள் அங்கே நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

சராசரி என்ற எண்ணைப் பாலைவனத்தில் அதிகம் நம்பக்கூடாது. சில ஆண்டுகளுக்கு உரிய மழை ஒரே வாரத்தில் கொட்டிவிட்டு, பிறகு நெடுங்காலம் எட்டிப் பார்க்காமலே இருந்துவிடலாம். செடி தயாராக வேண்டியது குறைந்த மழைக்கு மட்டுமல்ல, எப்போது வரும் என்று தெரியாத மழைக்கும்.

தண்ணீர் கிடைக்காததுதானே அங்குள்ள சிக்கல்? வேறென்ன?

கிடைத்த தண்ணீர் கையில் நிற்காததுதான் பெரிய சிக்கல். செடி உணவு தயாரிக்கக் காற்றிலிருந்து கரியமில வாயு வேண்டும். அதை உள்ளே விட இலைத்துளைகளைத் திறக்க வேண்டும். திறந்தால் உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகிப் போய்விடும். மூடி வைத்தால் தண்ணீர் தங்கும், ஆனால் பட்டினி. திறந்தால் தாகம், மூடினால் பசி என்ற இந்த இழுபறி எல்லாச் செடிக்கும் உண்டு. நம் வயலில் நெல் அதைப் பொருட்படுத்துவதில்லை, காலடியில் தண்ணீர் இருக்கிறது. 45 டிகிரி வெயிலில் வறண்ட காற்றில் நிற்கும் செடிக்கு அது உயிர்ப்பிரச்சினை.

அந்த இழுபறியைக் கேக்டஸ் எப்படித் தீர்த்தது?

இரவில் மூச்சு விடுகிறது. வெயில் சாய்ந்து காற்று குளிர்ந்து, அதில் ஈரம் ஓரளவு கூடிய பிறகே இலைத்துளைகளைத் திறக்கிறது. அப்போது உள்ளே வரும் கரியமில வாயுவை உடனே உணவாக்க முடியாது, வெளிச்சம் இல்லையே! அதனால் அதை மாலிக் அமிலமாக மாற்றி செல்களுக்குள் இருக்கும் நுண்குமிழ்களில் சேர்த்து வைக்கிறது. விடிந்ததும் கதவை அடைத்துவிட்டு, அந்த அமிலத்திலிருந்து கரியமில வாயுவைப் பிரித்தெடுத்து, சூரிய ஒளியில் சர்க்கரை தயாரிக்கிறது. ஒரே வேலையை இரவு ஷிப்ட், பகல் ஷிப்ட் என்று பிரித்துக்கொண்டதால், அதே அளவு உணவு தயாரிக்க மற்றச் செடிகள் இழக்கும் தண்ணீரில் ஒரு சிறு பங்கை மட்டுமே இழக்கிறது. தாவரவியலில் இதற்கு 'கேம்' (CAM) என்று சுருக்கப் பெயர்.

இந்த ரகசியத்தின் நுனியை முதலில் பிடித்த ஒருவருக்கும் தமிழ்நாட்டுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. தரங்கம்பாடிக்கு மறைப்பணிக்காக வந்து, பிறகு கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவர ஆய்வாளராக ஆன ஜெர்மானியர் பெஞ்சமின் ஹெய்ன். ஒரு செடியின் இலையை அவர் நாளின் வெவ்வேறு நேரங்களில் வாயில் போட்டு மென்று பார்த்தார். காலையில் நல்ல புளிப்பு. நண்பகலில் சுவையே இல்லை. மாலையில் லேசான கசப்பு. இதை 1813-இல் இங்கிலாந்தில் உள்ள தாவரவியலாளர் ஒருவருக்குக் கடிதமாக எழுதினார். இரவெல்லாம் சேர்ந்த அமிலம் பகலில் செலவாகிறது என்பதைத்தான் அவருடைய நாக்கு கண்டுபிடித்திருந்தது. அதன் வேதியியல் முழுக்கப் புரிய இருபதாம் நூற்றாண்டு வரை ஆனது. அந்தச் செடி நமக்குப் புதியதல்ல: ரணகள்ளி. இலையைப் பிய்த்துப் போட்டால் விளிம்பில் குட்டி முளைக்குமே, அதேதான்.

சோற்றுக்கற்றாழை, அன்னாசி, டிராகன் பழக்கொடி ஆகியவையும் இதே இரவு வழக்கம் கொண்டவை. டிராகன் பழக்கொடி கேக்டஸ் குடும்பத்தைச் சேர்ந்தது என்பது பலருக்குத் தெரியாது.

அப்படியானால் கற்றாழையைப் படுக்கையறையில் வைத்தால் இரவில் ஆக்சிஜன் கிடைக்கும் என்பது உண்மைதானா?

வாட்ஸ்அப்பில் ஓயாமல் சுற்றும் செய்தி. பாதி உண்மையை எடுத்து நீட்டியிருக்கிறார்கள். இரவில் அது கரியமில வாயுவை உள்ளிழுப்பது சரி. ஆனால் ஆக்சிஜன் வெளிவருவது ஒளி பட்டு நீர் மூலக்கூறு பிளக்கப்படும்போது. இருட்டில் அது நடக்காது. தவிர, ஒரு தொட்டிச் செடி இழுக்கும் வாயுவின் அளவு ஓர் அறையில் தூங்கும் மனிதருக்கு எந்த வித்தியாசமும் காட்டாது. அழகுக்காக வையுங்கள், போதும்.

பெரிய கேக்டஸ்கள் மழையை எப்படிச் சேமிக்கின்றன?

சோனோராவின் சகுவாரோவை எடுத்துக்கொள்வோம். 12 மீட்டருக்கு மேல் வளரக்கூடியது. ஆனால் அதன் வேர்களில் பெரும்பாலானவை நிலத்தில் ஒரு சாண் ஆழத்துக்குள்ளேயே, மரத்தின் உயரம் எவ்வளவோ கிட்டத்தட்ட அவ்வளவு தூரத்துக்கு நாலாபுறமும் படர்ந்திருக்கும். நிலைநிறுத்த ஓர் ஆணிவேர் மட்டும் கொஞ்சம் கீழே இறங்கும். பாலைவன மழை மண்ணை ஆழமாக நனைப்பதில்லை, அதற்குள் ஆவியாகிவிடும். மேல்மண் நனைந்த அந்தச் சில மணி, சில நாட்களுக்குள் உறிஞ்சியாக வேண்டும். வறட்சியில் மெல்லிய வேர்களை உதிர்த்துவிட்டு, மழை விழுந்ததும் புதிய சல்லிவேர்களைச் சட்டென்று விடும் பழக்கம் கேக்டஸ்களுக்கு உண்டு.

உறிஞ்சிய தண்ணீரை வைக்க இடம்? தண்டின் மேல் நெடுக ஓடும் மடிப்புகள் ஆர்மோனியத் துருத்தியாக விரிகின்றன. நல்ல மழை பெற்ற பெரிய மரம் சில நூறு லிட்டரை உள்ளே இழுத்துப் பருத்துவிடும், பிறகு மாதக்கணக்கில் சுருங்கிக்கொண்டே வாழும். மேலே மெழுகுத்தோல், உள்ளே நீரைப் பற்றிக்கொள்ளும் வழவழப்பான கூழ். அளவுக்கு மீறிக் குடித்துவிட்டுத் தோல் வெடிப்பதும் நடக்கிறது!

அவசரமாகக் குடித்தாலும் வளர்வதில் அதற்கு அவசரமே இல்லை. முதல் எட்டு ஆண்டுகளில் சில சென்டிமீட்டர் வளர்ந்தால் பெரிது. முதல் பூ வர 35 ஆண்டுகள் ஆகலாம். படங்களில் பார்க்கும் அந்தக் கைகள் கிளைக்க 50 முதல் 75 ஆண்டுகள். வாழ்நாள் 150 ஆண்டுகளுக்கும் மேல். குட்டிச் செடி பெரும்பாலும் பாலோ வெர்டே, அயர்ன்வுட் ஆகிய மரங்களின் நிழலில்தான் தப்பிப் பிழைக்கிறது. வெட்டவெளியில் விழுந்த விதைக்கு வாய்ப்பு மிகக் குறைவு.

அதன் நேரக் கணக்கைப் பாருங்கள். மே, ஜூனில் இரவில் பூ மலர்கிறது. வௌவால்களும், மறுநாள் காலையில் புறாக்களும் தேனீக்களும் வருகின்றன. பழம் ஜூன் கடைசியில் பழுக்கிறது, மழை தொடங்குவதற்குச் சற்று முன்னால். விதை விழும்போது மண் நனையத் தயாராக இருக்கும். அந்த நிலத்துப் பழங்குடிகளான தொஹோனோ ஓதாம் மக்கள் நீண்ட கழியால் இந்தப் பழங்களைப் பறிப்பார்கள். கழியும் காய்ந்த சகுவாரோவின் தண்டு நரம்பில் செய்ததே. அந்த அறுவடையோடுதான் அவர்களுக்குப் புத்தாண்டு.

வழி தவறியவர் கேக்டஸை வெட்டித் தண்ணீர் குடிக்கலாமா?

சினிமாவில் குடிக்கலாம். நிஜத்தில் உள்ளே குழாய்த் தண்ணீர் இல்லை, கூழ்தான் இருக்கிறது. பலவகைக் கேக்டஸ்களில் ஆக்சாலிக் அமிலமும் ஆல்கலாய்டுகளும் உண்டு. குடித்தால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்து, உடம்பில் இருக்கும் நீரும் போய்விடும்.

முள் எதற்கு? ஆடுமாடு கடிக்காமல் இருக்க மட்டுமா?

அதுவும்தான். தண்ணீர் நிறைந்த சதையைப் பாலைவனத்தில் காவலில்லாமல் வைத்திருக்க முடியாது. ஆனால் அடர்ந்த முட்கள் தண்டின் மேல் சிறு நிழலையும் தருகின்றன, தோலை ஒட்டி ஓடும் வறண்ட காற்றின் வேகத்தையும் குறைக்கின்றன. சில இனங்களில் மூடுபனி முள்ளில் துளியாகத் திரண்டு அடிப்பக்கம் நோக்கி நகர்வதையும் ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள்.

நம் ஊர்க் கள்ளியும் கேக்டஸும் ஒன்றா?

ஒன்றில்லை. சதுரக்கள்ளி, திருகுகள்ளி, இலைக்கள்ளி எல்லாம் ஆமணக்கின் குடும்பம். கேக்டஸ் வேறு குடும்பம், அதன் தாயகம் ஏறக்குறைய முழுக்க அமெரிக்கக் கண்டங்கள். சப்பாத்திக்கள்ளி மட்டும் உண்மையான கேக்டஸ். அது கடல் கடந்து வந்து நம் வேலிகளிலும் புறம்போக்குகளிலும் பரவியது. வித்தியாசம் காண எளிய வழி: கீறினால் வெள்ளைப் பால் வடிந்தால் அது நம் கள்ளி. சப்பாத்திக்கள்ளியில் வழவழப்பான கூழ்தான் வரும். (பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து, சோதனை செய்யக் கிளம்ப வேண்டாம்.) இரண்டு குடும்பங்களுக்கும் நெருங்கிய உறவில்லை. ஆனால் ஒரே மாதிரியான வறட்சி, வெவ்வேறு கண்டங்களில் இரண்டையும் ஒரே மாதிரியான உருவத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது.

தண்ணீரைச் சேமிக்காமலே பாலைவனத்தில் வாழும் மரங்கள் உண்டா?

உண்டு, எனக்கு இவைதான் கேக்டஸைவிட வியப்பைத் தருபவை. தார் பாலைவனத்தின் கேஜ்ரி மரம் அதில் முதலாவது. நமக்கு அது வன்னி. விருத்தாசலம் கோயிலின் தல மரம், விஜயதசமி அன்று சாமி அம்பு போடும் மரம். தமிழ்நாட்டில் கோயில் மரமாக அறிந்த ஒன்று, ராஜஸ்தானில் ஊரையே தாங்கும் மரம்.

சதைப்பற்று கிடையாது. அதன் வேர் 30 மீட்டருக்கும் மேல் இறங்குவதாகச் சொல்கிறார்கள். மேலே மழை வந்ததா வரவில்லையா என்பது அதற்கு இரண்டாம் பட்சம். அதனால் மற்ற எல்லாம் காய்ந்து கிடக்கும் கோடையில்தான் கேஜ்ரி துளிர்க்கிறது, பூக்கிறது, காய்க்கிறது. அந்தப் பிஞ்சுக்காயின் பெயர் சாங்கரி. உலர்த்தி வைத்துக்கொண்டு ஆண்டு முழுக்கச் சமைப்பார்கள். 'கேர் சாங்கரி' என்று ராஜஸ்தான் ஓட்டல் பட்டியல்களில் வருவது இதுதான். கூட வரும் கேர், இலையே அநேகமாக இல்லாமல் பச்சைத் தண்டாலேயே உணவு தயாரிக்கும் புதர் ஒன்றின் காய். கேஜ்ரியின் இலை ஆட்டுக்கும் ஒட்டகத்துக்கும் தீவனம். பயறு வகைக் குடும்பம் என்பதால் மண்ணில் தழைச்சத்தும் சேர்க்கிறது. உழவர்கள் கம்பு விதைக்கும் நிலத்தின் நடுவே இதை வெட்டாமல் விட்டுவைப்பது அதனால்தான்.

1899-ஆம் ஆண்டுப் பெரும் பஞ்சத்தில் இதன் பட்டையையே இடித்து மாவாக்கித் தின்று பிழைத்தார்கள். அதற்கும் முன்பே, 1730-இல், ஜோத்பூர் அருகே கேஜர்லி கிராமத்தில் அரண்மனை வேலைக்காக இந்த மரங்களை வெட்ட வந்தபோது, அமிர்தா தேவி என்ற பிஷ்னோய் சமூகத்துப் பெண் மரத்தைக் கட்டிக்கொண்டு உயிர்விட்டார். அவரைத் தொடர்ந்து மொத்தம் 363 பேர் இறந்ததாக வரலாறு. ஒரு மரத்துக்காக உயிரைக் கொடுத்தார்கள் என்று இன்று கேட்கும்போது மிகையாகத் தோன்றலாம். கோடையில் துளிர்த்து ஊரைத் தாங்கும் மரம் அது என்பதைச் சேர்த்து யோசித்தால் அப்படித் தோன்றாது.

ஆழமான வேரில் கேஜ்ரி தனி இல்லை. அரிசோனாவின் டூசான் அருகே ஒரு திறந்தவெளிச் சுரங்கத்தில், நிலமட்டத்துக்கு 53 மீட்டர் கீழே மெஸ்கீட் மரத்தின் வேர் கண்டெடுக்கப்பட்டது. அந்த மெஸ்கீட் நம் சீமைக்கருவேலத்துக்கு மிக நெருங்கிய சொந்தம். சீமைக்கருவேலம் ஏன் இங்கே எதற்கும் அசைவதில்லை என்பதற்கு இதில் பாதிப் பதில் இருக்கிறது.

இலையை உதிர்த்துவிட்டுக் காத்திருக்கும் செடிகள்?

சோனோராவின் ஒகோட்டியோ அப்படி. பெரும்பாலான நாட்கள் நட்டுவைத்த முள்குச்சிகள்தான். மழை பெய்த சில நாட்களில் உடம்பெல்லாம் இலை. மண் காய்ந்ததும் உதிர்த்துவிடும். அடுத்த மழைக்கு மறுபடியும். ஓராண்டில் பல முறை. நம் ஊர் மரங்கள் பருவத்தைப் பார்த்து இலை உதிர்க்கின்றன, இது மண்ணின் ஈரத்தைப் பார்த்து உதிர்க்கிறது.

மழையே இல்லாத அட்டகாமாவிலும் நமீபிலும் செடி எப்படி?

கடலோரப் பாலைவனங்களில் மழைக்குப் பதில் மூடுபனி வருகிறது. சிலியில் அதைக் 'கமஞ்சாக்கா' என்கிறார்கள். அட்டகாமாவின் மணல்மேடுகளில் டில்லாண்ட்சியா என்ற செடி மண்ணில் வேரூன்றாமலே படர்ந்து கிடக்கிறது. இலையின் மேல் இருக்கும் நுண்செதில்களால் பனியிலிருந்தே நீரை எடுத்துக்கொள்கிறது. ஆப்பிரிக்காவின் நமீபில் மணல்மேட்டுப் புல் ஒன்று, தன் தாளில் படியும் பனித்துளியை வழித்துத் தன் வேரடிக்கே அனுப்பிக்கொள்கிறது.

அதே நமீபில்தான் வெல்விட்சியாவும் இருக்கிறது. 1859-இல் அங்கோலாவில் ஃபிரெட்ரிக் வெல்விட்ச் இதைக் கண்டார். வாழ்நாள் முழுக்க அதற்கு இரண்டே இலைகள். நுனி காய்ந்து கிழிந்து நார்நாராகப் போய்க்கொண்டே இருக்க, அடியிலிருந்து வளர்ந்துகொண்டே இருக்கும். ஆயிரம் ஆண்டுகளைத் தாண்டியவை உண்டு. பார்க்க அழகு என்று சொல்ல மாட்டேன், காற்றில் அடித்துவந்து ஒதுங்கிய குப்பை என்று கடந்துவிடத் தோன்றும். நமீபியா அதைத் தன் அரசுச் சின்னத்தில் வைத்திருக்கிறது.

பாலைவனம் திடீரென்று பூத்துக் குலுங்கும் படங்கள் உண்மையா?

உண்மை. பசிபிக் கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ ஆண்டுகளில் அட்டகாமாவின் தென்பகுதியில் நல்ல மழை விழுந்தால், சில மாதங்களில் வெறும் மணல் ஊதாவும் மஞ்சளுமாக மாறிவிடுகிறது. 2015-இல் அப்படி நடந்தது, 2017-இலும் நடந்தது. அந்த விதைகள் எங்கிருந்தும் வந்து விழுந்தவை அல்ல, பல ஆண்டுகளாக மண்ணுக்குள் கிடந்தவை.

இந்தச் செடிகளுக்கு வறட்சியைத் தாங்கும் திறமை எதுவுமே கிடையாது. மெழுகில்லை, முள்ளில்லை, ஆழமான வேரில்லை. முளைத்து, பூத்து, விதைத்து, சில வாரங்களில் செத்துவிடும். வறட்சியை விதையாக இருந்தே கழித்துவிடுவதால் அதை அவை சந்திப்பதே இல்லை. அப்படியானால் எல்லாமே எப்போது முளைப்பது என்ற ஒரே முடிவில் தொங்குகிறது. தூறலை நம்பி முளைத்தால் வம்சமே போய்விடும். அதனால் பல பாலைவன விதைகளின் தோலில் முளைப்பைத் தடுக்கும் வேதிப்பொருள்கள் இருக்கின்றன. அவற்றைக் கழுவிக் கரைக்கும் அளவுக்கு மழை பெய்தால்தான் விதை விழிக்கும். கலிபோர்னியப் பாலைவனங்களில் இதை ஆராய்ந்த ஃபிரிட்ஸ் வெண்ட், தூறல் போதாது, நல்ல மழையே வேண்டும் என்று கண்டார். அப்போதும் எல்லா விதையும் முளைப்பதில்லை. ஒரு பகுதி அடுத்த மழைக்கென்று தூங்கிக்கொண்டே இருக்கும், இந்த மழை ஏமாற்றினால் அது கைகொடுக்கும்.

வறண்ட இடத்தில் விதை எவ்வளவு காலம் தாங்கும் என்பதற்கு ஓர் உச்ச உதாரணம் உண்டு. இஸ்ரேலின் மசாடா கோட்டையில் 1960-களில் தோண்டியெடுத்த ஏறத்தாழ 2,000 ஆண்டுப் பழமையான பேரீச்சை விதை ஒன்றை, சாரா சாலன் குழுவினர் 2005-இல் முளைக்க வைத்தார்கள்.

தேரிக்காடு பாலைவனமா?

தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கத்துச் செம்மணல் மேடுகளைப் படத்தில் பார்த்தால் பாலைவனம் என்றுதான் தோன்றும். ஆனால் அந்தப் பகுதிக்கு ஆண்டுக்கு 600 மி.மீ. அளவில் மழை உண்டு. வறண்ட நிலம், பாலைவனம் அல்ல. பனையும் உடைமரமும் அங்கே நன்றாகவே நிற்கின்றன.

வீட்டில் வாங்கி வைத்த கேக்டஸ் ஏன் அழுகிப் போகிறது?

அன்பு அதிகமாகிவிட்டது. தினமும் தண்ணீர் ஊற்றினால் மண்ணில் காற்று இல்லாமல் வேர் மூச்சுத் திணறி அழுகும். சுருங்கித் தெரிவது அதற்கு நோய் அல்ல, இயல்பு. மண் முழுக்கக் காய்ந்த பிறகு நன்றாக ஒருமுறை நனையும்படி ஊற்றி, மறுபடியும் காய விடுங்கள். பாலைவன மழை அப்படித்தான் பெய்கிறது. செம்மண்ணோடு பாதிக்கு மேல் கரடான மணல், அடியில் துளையுள்ள தொட்டி. ஐப்பசி, கார்த்திகை மழையில் மாடியில் விட்டுவிடாதீர்கள்.

பூமி சூடாகிக்கொண்டே போனாலும் பாலைவனச் செடிகளுக்குக் கவலையில்லைதானே?

இருப்பதிலேயே அதிகம் தவறாக நினைக்கப்படுவது இதுதான். ஏற்கெனவே விளிம்பில் நிற்பவை அவை, இன்னும் ஒரு அடி நகர இடமில்லை. 2023 ஜூன் 30 முதல் ஜூலை 30 வரை அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரத்தில் தொடர்ந்து 31 நாட்கள் பகல் வெப்பம் 43 டிகிரியைத் தாண்டியது. அந்தக் கோடையில் நகரத்தின் சகுவாரோக்கள் கைகளை இழந்தன, சில அப்படியே சாய்ந்தன. அவற்றை வீழ்த்தியதில் பகல் வெயிலைவிட இரவுக்குப் பங்கு அதிகம். இரவிலும் 32 டிகிரிக்குக் கீழே இறங்காத நாட்கள் வரிசையாக வந்தன. இருட்டில் குளிர்ந்தால்தான் இலைத்துளையைத் திறக்க முடியும் என்று வாழும் மரம், இரவும் கொதித்தால் திறக்கவும் முடியாமல் மூடியிருக்கவும் முடியாமல் உள்ளிருந்தே நலிகிறது. பகலில் வாங்கிய சூட்டை கான்கிரீட்டும் தார்ச்சாலையும் இரவெல்லாம் வெளியே விடுவதால், திறந்த பாலைவனத்தில் நிற்பதைவிட நகரத்துத் தோட்டத்தில் நிற்கும் சகுவாரோவுக்கே இந்த ஆபத்து அதிகம்.